கசங்காத சட்டை ஏன் கிழிந்தது?

(பருத்தி இழையும் பாலிமரும்: ஒரு சிறு ஆய்வு)



இந்தக் கட்டுரை ஒரு சட்டையில் தொடங்குகிறது. போன மாதம் எங்கள் வீட்டில் அந்தச் சட்டையால் ஒரு சண்டை வந்தது. சண்டைக்கு விடை தேடப் போனவள் வேதியியல் பாடத்துக்குள் போய் விழுந்துவிட்டேன். ஒரு தாளில் முடிக்கலாம் என்று நினைத்து எழுத ஆரம்பித்தேன், நான்கு தாள் ஆகிவிட்டது. பொறுமையாகப் படிக்கவும்.

1. சட்டையும் சண்டையும்

சித்தப்பா கல்யாணத்துக்கு அப்பா ஒரு வெள்ளைச் சட்டை எடுத்தார். "நூறு சதவீதம் பருத்தி. கசங்காது. இஸ்திரி வேண்டாம்" என்று அதன் அட்டையில் போட்டிருந்தது. வழக்கமாக எடுக்கும் சட்டையைவிட இரண்டு மடங்கு விலை. உண்மையிலேயே அது கசங்கவில்லை. பஸ்ஸில் மூன்று மணி நேரம் நெருக்கியடித்துப் போய் இறங்கினாலும் அப்போதுதான் இஸ்திரி போட்ட மாதிரி இருக்கும். அப்பாவுக்கு அதில் ஒரே பெருமை.

ஒன்றரை வருடத்தில் முதலில் காலர் மடிப்பு தேய்ந்தது. பிறகு கை மணிக்கட்டு ஓரம் பிசிறு தட்டியது. ஒரு நாள் காலையில் அப்பா கையை மடக்கும்போது முழங்கையில் டர்ர்.

"நீ கல்லுல போட்டு அடிச்சே அடிச்சே கிழிச்சிட்டே" என்றார் அப்பா.

அம்மா விடவில்லை. "அதே கல்லு, அதே கை, அதே சோப்பு. உங்க வேட்டி நாலு வருஷமா அடி வாங்குதே, அது ஏன் கிழியல?"

அப்பாவிடம் பதில் இல்லை. ஆனால் ஒத்துக்கொள்ளவும் இல்லை. "அப்போ கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்றார். இரண்டு நாள் வீட்டில் யாரும் சரியாகப் பேசவில்லை.

இதை எங்கள் வேதியியல் ஆசிரியரிடம் சொன்னபோது அவர் சிரித்துவிட்டு, "உங்க அம்மா சொன்னது நல்ல சோதனை. கல்லு, கை, சோப்பு மூணும் ஒண்ணு. மாறினது துணி மட்டும். அப்போ காரணத்தைத் துணிக்குள்ளதான் தேடணும்" என்றார். அப்படித் தேடியதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

2. இழைக்குள் என்ன இருக்கிறது?

ஒரு பருத்தி இழை என்பது பருத்தி விதையின் தோலில் முளைத்த ஒரே ஒரு செல். ஒரு செல் 25 முதல் 35 மில்லிமீட்டர் வரை நீளமாக வளர்ந்திருக்கிறது! காய் வெடித்ததும் உள்ளே இருந்த ஈரம் காய்ந்து, குழாய் போல இருந்த இழை தட்டையாகி, முறுக்கிக்கொள்கிறது. குறுக்கே வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால் அவரை விதை வடிவில் தெரியும்.

அந்த இழையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் செல்லுலோஸ். 1838-ல் பிரான்ஸ் நாட்டு வேதியியலாளர் அன்செல்ம் பாயன் தாவரங்களிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். செல்லுலோஸ் ஒரு பாலிமர், அதாவது ஒரே மாதிரியான சிறு மூலக்கூறுகள் கைகோத்து நின்ற நீண்ட சங்கிலி. இங்கே கைகோத்து நிற்பது குளுக்கோஸ். பருத்தியில் ஒரு சங்கிலியில் சுமார் 10,000 குளுக்கோஸ் அலகுகள் வரை இருக்கும். ஆனாலும் அந்தச் சங்கிலியின் முழு நீளம் ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்குதான்.

நாம் சாப்பிடும் சோற்றில் இருக்கும் ஸ்டார்ச்சும் குளுக்கோஸ் சங்கிலிதான். அப்படியென்றால் சோற்றைத் தின்கிற நாம் பஞ்சை ஏன் தின்ன முடியவில்லை? குளுக்கோஸ் ஒன்றோடொன்று கைகோக்கும் விதத்தில்தான் வித்தியாசம். ஸ்டார்ச்சில் ஆல்ஃபா பிணைப்பு. அதனால் சங்கிலி சுருள் சுருளாக வளையும். செல்லுலோஸில் பீட்டா பிணைப்பு. ஒரு குளுக்கோஸ் நேராக நின்றால் அடுத்தது தலைகீழாகத் திரும்பி நிற்கும். அதனால் சங்கிலி நாடா போல நேராக நீளும். நம் வயிற்று நொதிகள் ஆல்ஃபா பிணைப்பை வெட்டும், பீட்டாவைத் தொடாது. மாட்டுக்கு அதன் வயிற்றில் வாழும் நுண்ணுயிரிகள் அந்த வேலையைச் செய்து கொடுக்கின்றன.

ஒவ்வொரு குளுக்கோஸிலும் மூன்று ஹைட்ராக்சில் கைகள் நீட்டிக்கொண்டிருக்கும். இந்த மூன்று கைகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இனி வரும் எல்லாக் கதையும் அந்தக் கைகளால் நடப்பதுதான். பக்கத்துச் சங்கிலியின் கைகளோடு இவை ஹைட்ரஜன் பிணைப்பால் பிடித்துக்கொள்ளும். ஒரு பிடி பலமில்லாதது. ஆனால் லட்சக்கணக்கான பிடிகள் சேர்ந்தால்? பஞ்சைத் தண்ணீரில் எத்தனை நாள் ஊறவைத்தாலும் கரையாததற்கு இதுதான் காரணம்.

எல்லா இடத்திலும் சங்கிலிகள் ஒரே ஒழுங்கில் இருப்பதில்லை. சில இடங்களில் காலை வணக்கத்தில் நாம் வரிசையில் நிற்பது போல நெருக்கமாக நிற்கும். இது படிகப் பகுதி. சில இடங்களில் மணி அடித்ததும் நாம் வெளியே ஓடுவது போலத் தாறுமாறாக இருக்கும். இது ஒழுங்கற்ற பகுதி. பருத்தியில் படிகப் பகுதிதான் அதிகம். தண்ணீர், சாயம், மருந்து எது வந்தாலும் முதலில் ஒழுங்கற்ற பகுதிக்குள்தான் நுழையும். படிகப் பகுதிக்குள் நுழைய இடமே கிடையாது.

3. துணி ஏன் கசங்குகிறது?

சட்டையை மடித்து அழுத்தும்போது ஒழுங்கற்ற பகுதியில் இருக்கும் சங்கிலிகள் ஒன்றின்மேல் ஒன்று கொஞ்சம் நழுவும். நழுவும்போது பழைய ஹைட்ரஜன் பிடிகள் விடும். நழுவி நின்ற இடத்தில் புதிய பிடிகள் பிடித்துக்கொள்ளும். அழுத்தத்தை எடுத்த பிறகும் சங்கிலி பழைய இடத்துக்குத் திரும்பாது. அதுதான் கசங்கல்.

வியர்வையோ ஈரமோ இருந்தால் இன்னும் சுலபமாகக் கசங்கும். தண்ணீர் மூலக்கூறு நடுவில் புகுந்து பிடிகளை விடுவித்துவிடும். இஸ்திரிக்காரர் தண்ணீர் தெளித்துவிட்டுத் தேய்ப்பதும் இதற்காகத்தான். தண்ணீர் பிடியை விடவைக்கும், சூடும் பாரமும் சங்கிலியை நேராக்கும், ஈரம் ஆவியாகும்போது புதுப் பிடி அப்படியே நேராக உட்கார்ந்துவிடும்.

ஆக, கசங்கலைத் தடுக்க வேண்டுமென்றால் சங்கிலிகள் நழுவாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த வரிதான் அப்பா சட்டையின் ஜாதகம். அதற்கு முன்னால் தாத்தாவைப் பார்த்துவிட்டு வருவோம்.

4. தாத்தாவின் கஞ்சி

எங்கள் தாத்தா கைத்தறி நெசவாளர். அவர் சின்ன வயதில் விடியற்காலையில் தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போடுவார்களாம். தெரு நீளத்துக்கு நூலை இழுத்துக் கட்டி, கஞ்சியில் தோய்த்து, இரண்டு பக்கமும் ஆள் நின்று பிரஷ் போட்டு நீவிக்கொண்டே போவார்கள். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும்.

"ஏன் தாத்தா பாவுக்கு மட்டும் கஞ்சி? ஊடைக்கு வேண்டாமா?" என்று கேட்டேன்.

"ஊடை ஒரு தடவை நாடாவுல போய் உக்காந்துக்கும் கண்ணு. பாவு அப்படியா? விழுதுலயும் அச்சுலயும் உரசி உரசி வரணும். கஞ்சி இல்லேன்னா பிசிறு நிமிந்துக்கும், இழை பட்டுப்பட்டுனு அறும்" என்றார்.

தாத்தா சொன்னதை வேதியியலில் சொன்னால் இப்படி வரும். கஞ்சி என்பது தண்ணீரில் வெந்து விரிந்த ஸ்டார்ச். ஸ்டார்ச்சுக்கும் ஹைட்ராக்சில் கைகள் உண்டு. பருத்திக்கும் உண்டு. இரண்டும் பங்காளிகள். அதனால் கை பிடித்துக்கொண்டு ஒட்டிவிடும். நூலின் மேல் ஒரு மெல்லிய படலம் உண்டாகி, நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறுகளைப் படியவைக்கிறது. தனித்தனி இழைகளை ஒன்றாகக் கட்டுகிறது. உரசல் படலத்தின் மேல் படுகிறது, நூல் தப்பிக்கிறது.

பாலியஸ்டர் நூலுக்கு இதே கஞ்சி சரியாக ஒட்டாது. அதற்குப் பிடித்துக்கொள்ள அப்படிப்பட்ட கைகள் இல்லை. அதனால் சைசிங் மில்களில் கலப்பு நூலுக்கு பாலிவினைல் ஆல்கஹால், அக்ரிலிக் போன்ற செயற்கைப் பாலிமர்களைச் சேர்க்கிறார்கள். மில்லில் நடப்பதும் தாத்தா தெருவில் செய்ததும் ஒரே வேலைதான், பொருள்தான் வேறு.

கவனிக்க வேண்டியது: கஞ்சி இழையின் உள் அமைப்பை மாற்றுவதில்லை. படிகப் பகுதி அப்படியே இருக்கிறது. நெய்து முடித்ததும் கஞ்சியை எடுத்துவிடலாம். ஆலைகளில் அதற்கு அமைலேஸ் என்ற நொதியைப் பயன்படுத்துகிறார்கள். அது ஆல்ஃபா பிணைப்பை மட்டும் வெட்டும். ஸ்டார்ச் கரைந்து போய்விடும், பீட்டா பிணைப்பு உள்ள பருத்திக்கு ஒரு கீறல்கூட விழாது. இரண்டாம் பகுதியில் படித்த சோறு - பஞ்சு வித்தியாசம் இங்கே எப்படி உதவுகிறது பார்த்தீர்களா!

5. மெர்சர் கண்ட மாற்றம்

இழையின் உள் அமைப்பையே மாற்ற முடியும் என்று காட்டியவர் இங்கிலாந்தின் ஜான் மெர்சர். 1844-ல் அவர் அடர்த்தியான காஸ்டிக் சோடாக் கரைசலைப் பருத்தித் துணி வழியாக வடிகட்டினார். துணி தடித்துச் சுருங்கியதைப் பார்த்தார். 1850-ல் அதற்குக் காப்புரிமை பெற்றார். 1890-ஐ ஒட்டி ஹொரேஸ் லோ என்பவர், துணியைச் சுருங்க விடாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டே இதைச் செய்தால் பளபளப்பு வருகிறது என்று கண்டார். "மெர்சரைஸ்டு" என்று நூல் கண்டிலும் துணியிலும் எழுதியிருப்பது இவர் பெயரால்தான்.

உள்ளே நடப்பது என்ன? காஸ்டிக் சோடா படிகப் பகுதிக்குள்ளும் நுழைந்துவிடுகிறது. இழை ஊதிப் பெருக்கிறது. முறுக்கு பிரிகிறது. அவரை விதை வடிவம் உருண்டையாகிறது. உருண்டை இழை ஒளியை நன்றாகத் திருப்பி அனுப்புவதால் பளபளப்பு. கழுவிய பிறகு சங்கிலிகள் புது விதமாக அடுக்கிக்கொள்கின்றன. பழைய அடுக்கைச் செல்லுலோஸ் ஒன்று என்றும், புதிய அடுக்கைச் செல்லுலோஸ் இரண்டு என்றும் சொல்வார்கள். ஒன்று இரண்டாக மாறலாம். இரண்டு மறுபடி ஒன்றாகாது. பால் தயிராகலாம், தயிர் பாலாகாது, அந்த மாதிரி.

ஒழுங்கற்ற பகுதியும் கொஞ்சம் கூடுவதால் சாயம் நன்றாகப் பிடிக்கும். இழுத்துப் பிடித்துச் செய்தால் இழைக்குப் பலமும் கூடும். பாலிமர் எதையும் சேர்க்காமலே வந்த மாற்றம் இது. பாலிமர் ஏற்றும் வேலைகளுக்கு முன்பும் இழையைத் திறந்துவிட இந்தச் சோடாக் குளியலைப் பயன்படுத்துவது உண்டு.

6. குறுக்கே போட்ட பாலம்

இப்போது அப்பா சட்டைக்கு வருவோம்.

சங்கிலிகள் நழுவாமல் இருக்க என்ன செய்யலாம்? இரண்டு சங்கிலிக்கு நடுவே நிரந்தரமான பாலம் போட்டுவிடலாம். 1920-களில் மான்செஸ்டரில் இருந்த டூட்டல் நிறுவனத்தின் வேதியியலாளர்கள் யூரியாவையும் ஃபார்மால்டிஹைடையும் இழைக்குள் ஊறவைத்துச் சூடாக்கினார்கள். அது இழைக்குள்ளேயே ரெசின் என்ற பாலிமராக மாறி உட்கார்ந்தது. துணி கசங்குவது குறைந்தது.

பிறகு வந்த மருந்துகள் இன்னும் சாமர்த்தியமானவை. அவை சின்ன மூலக்கூறுகள். இரண்டு பக்கமும் கொக்கி இருக்கும். ஒரு கொக்கி ஒரு செல்லுலோஸ் சங்கிலியின் ஹைட்ராக்சில் கையில் மாட்டும். மறு கொக்கி பக்கத்துச் சங்கிலியில் மாட்டும். துணியை மருந்தில் தோய்த்து, உலர்த்தி, அமிலத்தன்மை தரும் ஒரு வினையூக்கியோடு சுமார் 150 டிகிரி செல்சியஸ் சூட்டில் வைத்தால் பாலம் இறுகிவிடும். இது ஹைட்ரஜன் பிடி போலத் தண்ணீர் பட்டால் விட்டுவிடும் பிடி அல்ல. எலக்ட்ரானைப் பங்கிட்டுக்கொண்ட சகப்பிணைப்பு. துணி மடங்கினாலும் பாலம் ரப்பர் போலச் சங்கிலியைப் பழைய இடத்துக்கே இழுத்துவிடும். துவைத்துக் காயப்போட்டாலே போதும், இஸ்திரி வேண்டாம்.

இந்தத் துறையில் பெரிய பெயர் ரூத் பெனரிட்டோ என்ற அமெரிக்கப் பெண் விஞ்ஞானி (1916 - 2013). நியூ ஆர்லியன்ஸில் அந்நாட்டு விவசாயத் துறையின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர். 55 காப்புரிமைகள் பெற்றவர். செயற்கை இழைகள் சந்தையைப் பிடித்துக்கொண்டிருந்த காலத்தில், துவைத்ததும் அப்படியே உடுத்தக்கூடிய பருத்தித் துணி உருவானதில் இவர் பங்கு பெரியது. தோழியரே, வேதியியல் பையன்களுக்கான பாடம் என்று யாராவது சொன்னால் இவர் பெயரைச் சொல்லுங்கள்.

சரி, இவ்வளவு நல்ல பாலம் போட்ட சட்டை ஏன் கிழிய வேண்டும்?

இங்கேதான் எனக்கு முதலில் குழப்பம் வந்தது. பாலம் போட்டால் பலம் கூடத்தானே வேண்டும்? ஆசிரியர் ஒரு கேள்வி கேட்டார்: "கயிறு இழுக்கும் போட்டியில பத்துப் பேர் கால் மாத்தி மாத்தி நகர்ந்து இழுக்கலாம். அந்தப் பத்துப் பேர் காலையும் ஒருத்தரோட ஒருத்தர் கட்டிட்டா என்ன ஆகும்?"

யோசித்தேன். யாரும் நகர முடியாது. எந்த ஆள்மேல் பாரம் விழுகிறதோ அவர் தனியாகத் தாங்க வேண்டும். மற்றவர்கள் நகர்ந்து வந்து பங்குபோட முடியாது.

இழையிலும் அதேதான். சாதாப் பருத்தியை இழுக்கும்போது சங்கிலிகள் கொஞ்சம் நழுவி, பாரத்தை எல்லோருமாகப் பங்குபோட்டுக்கொள்ளும். பாலம் போட்ட பருத்தியில் நழுவ வழியில்லை. பாரம் சில சங்கிலிகள்மேல் மட்டும் குவியும். அவை அறும், அடுத்தவை அறும். இதோடு, சூட்டில் அந்த அமிலத்தன்மை செல்லுலோஸ் சங்கிலியையே அங்கங்கே வெட்டிவிடுகிறது. இந்த இரண்டும் சேர்ந்து துணியின் பலத்தில் மூன்றில் ஒரு பங்கு, சில சமயம் அதற்கும் மேல் குறைந்துவிடுவது உண்டு. உரசலைத் தாங்கும் சக்தியும் குறையும். அதனால்தான் இப்படிப்பட்ட துணி முதலில் மடிப்பு ஓரங்களில் தேயும். காலர், மணிக்கட்டு, பிறகு முழங்கை. அப்பா சட்டை தேய்ந்த வரிசை அப்படியே!

ஆக, எந்தக் குணம் சட்டையைக் கசங்காமல் வைத்ததோ, அதே குணம்தான் அதைக் கிழித்தது. நழுவல்தான் கசங்கலுக்குக் காரணம், நழுவல்தான் பலத்துக்கும் காரணம். ஒன்றை எடுத்தால் மற்றதும் போகும்.

இன்னொரு விஷயமும் உண்டு. இந்த மருந்துகள் பலவற்றில் ஃபார்மால்டிஹைடு கொஞ்சம் வெளிவரும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-ல் அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று அறிவித்தது. அதனால் துணியில் அது எவ்வளவு இருக்கலாம் என்பதற்குப் பல நாடுகளில் வரம்பு வைத்திருக்கிறார்கள். எலுமிச்சையில் இருக்கும் சிட்ரிக் அமிலம் போன்ற, ஃபார்மால்டிஹைடே இல்லாத பாலங்களையும் ஆராய்கிறார்கள். பலக் குறைவை ஈடுகட்ட சிலிக்கோன் போன்ற வழுக்கும் பாலிமர்களைச் சேர்ப்பார்கள். உரசல் குறையும் என்பதால் கொஞ்சம் உதவும்.

7. ஒட்டு மாங்கன்று போல

பாலம் போடுவது ஒரு வழி. இன்னொரு வழி ஒட்டுக் கட்டுவது. நாட்டு மாமரத்து அடிக்கன்றில் நல்ல ரகத்தின் கிளையை ஒட்டுக் கட்டுகிறோம் இல்லையா? வேர் நாட்டு மரத்துடையது, காய் நல்ல ரகத்துடையது. செல்லுலோஸ் சங்கிலியிலும் வேறொரு பாலிமரைக் கிளையாக வளர்க்கலாம்.

இதற்குச் சீரியம் என்ற உலோகத்தின் உப்பைப் பயன்படுத்துவது ஒரு பிரபலமான முறை. சீரியம் அயனி செல்லுலோஸிலிருந்து ஒரு எலக்ட்ரானைப் பறித்துக்கொள்ளும். அந்த இடத்தில் செல்லுலோஸ் ஜோடியில்லாத எலக்ட்ரானோடு துடித்துக்கொண்டு நிற்கும். பக்கத்தில் அக்ரிலிக் அமிலம் போன்ற சிறு மூலக்கூறுகள் இருந்தால் ஒன்று வந்து மாட்டும், அதன் நுனியில் இன்னொன்று, அதன்மேல் இன்னொன்று. கிளை வளர்ந்துகொண்டே போகும்.

எந்தக் கிளை கட்டுகிறோமோ அந்தக் குணம் வரும். தண்ணீரை விரும்பும் அக்ரிலிக் அமிலக் கிளை கட்டினால் இழை நிறையத் தண்ணீர் குடிக்கும். தண்ணீரில் கரைந்திருக்கும் உலோக அயனிகளையும் பிடித்து வைக்கும். தண்ணீரை வெறுக்கும் கிளை கட்டினால் இழையில் தண்ணீர் ஒட்டாது.

இழையின் அமைப்பு என்ன ஆகும்? கிளைகள் முதலில் இழையின் மேற்பரப்பிலும் ஒழுங்கற்ற பகுதியிலும்தான் வளரும். ஏனென்றால் மருந்து நுழைய முடிகிற இடம் அதுதான். கிளைகள் குறைவாக இருக்கும்வரை படிகப் பகுதி அசையாது. கிளைகள் மிக அதிகமானால் இழை தடிக்கும், மொத்த எடையில் படிகத்தின் பங்கு குறையும், சில சமயம் படிகத்தின் ஓரங்களும் குலையும். அளவோடு செய்வதில்தான் சாமர்த்தியம்.

8. உள்ளே மாறியது எப்படித் தெரியும்?

"கண்ணுக்கே தெரியாததை எப்படிச் சொல்றாங்க?" என்று நானும் கேட்டேன். மூன்று முக்கியமான வழிகள் உண்டு.

(அ) எக்ஸ்ரே: இழைமேல் எக்ஸ் கதிர் பட்டால் படிகப் பகுதி அதைச் சில குறிப்பிட்ட கோணங்களில் மட்டும் திருப்பி அனுப்பும். வரைபடத்தில் கூர்மையான மலை தெரியும். ஒழுங்கற்ற பகுதி கூடினால் மலை கரைந்து மேடாகும். மெர்சரைஸ் செய்தால் மலை இடம் மாறும்.

(ஆ) அகச்சிவப்புக் கதிர்: ஒவ்வொரு பிணைப்பும் தனக்கென்று ஒரு அதிர்வில் கதிரை உறிஞ்சும். ஒட்டுக் கட்டியதில் புதுப் பிணைப்பு இருந்தால் அதற்குரிய இடத்தில் புதுப் பள்ளம் தோன்றும். கைரேகை பார்ப்பது மாதிரி.

(இ) எலக்ட்ரான் நுண்ணோக்கி: சாதா இழை வழுவழுப்பாகத் தெரியும். நிறைய ஒட்டுக் கட்டிய இழைமேல் பூச்சு அடித்ததுபோல மேடு பள்ளம் தெரியும்.

9. நான் செய்து பார்த்தது

எக்ஸ்ரே கருவி நம் பள்ளியில் இல்லை. ஆனால் கிழிந்த சட்டை என்னிடம் இருந்தது. அம்மா கரித்துணிக்கு எடுப்பதற்குள் வாங்கி வைத்துக்கொண்டேன். பேன்ட்டுக்குள் செருகும் கீழ்ப்பகுதியில் தேய்மானம் குறைவு என்பதால் அங்கிருந்து துண்டு வெட்டினேன். அப்பாவின் பழைய சாதாப் பருத்திச் சட்டையிலும் அதே இடத்தில் வெட்டினேன்.

சோதனை 1 (கசங்கல்): விரல் அளவு துண்டுகளை மடித்து, மேலே ஒரு அகராதியை ஐந்து நிமிடம் வைத்தேன். எடுத்து, ஐந்து நிமிடம் விட்டு, மடிப்பு எவ்வளவு திறந்திருக்கிறது என்று கோணமானியால் அளந்தேன். சாதாத் துணி செங்கோணத்தைக்கூட எட்டவில்லை. கசங்காத துணி 120 டிகிரியைத் தாண்டித் திறந்தது. கஞ்சி போட்ட துண்டு மடித்தபடியே கிடந்தது!

சோதனை 2 (உரசல்): துண்டை ஸ்கேல் விளிம்பில் மடித்துப் பிடித்து, மரக்கட்டையில் ஒட்டிய உப்புத்தாளால் ஒரே மாதிரி உரசி, ஓட்டை விழும்வரை எண்ணினேன். மூன்று முறை செய்தேன். மூன்றிலும் கசங்காத துணியில்தான் முதலில் ஓட்டை விழுந்தது.

சந்தோஷமாக ஆசிரியரிடம் ஓடினேன். அவர், "ரெண்டு துணியும் ஒரே தடிமனா? ஒரே நூலா?" என்று கேட்டார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கசங்காத துணி கொஞ்சம் மெல்லியது. அதனால் என் சோதனை மட்டுமே இதை நிரூபித்துவிட்டது என்று சொல்ல முடியாது. மெல்லிய நூலும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் புத்தகம் சொல்வதற்கு எதிராக எதுவும் வரவில்லை. இதை மறைக்காமல் எழுதச் சொன்னதும் ஆசிரியர்தான்.

10. வீட்டில் தீர்ப்பு

இரவு சாப்பிடும்போது எல்லாவற்றையும் சொன்னேன். கயிறு இழுக்கும் கதையைச் சொன்னதும் அப்பாவுக்குப் புரிந்துவிட்டது.

கடைக்காரர் ஏமாற்றவில்லை. கசங்காது என்றார், கசங்கவில்லை. சீக்கிரம் தேயும் என்பதை அட்டையில் யாரும் எழுதவில்லை, அவ்வளவுதான். அம்மா கிழிக்கவும் இல்லை. கல்லில் அடிப்பது எந்தத் துணிக்கும் நல்லதில்லைதான். ஆனால் அடியை வாங்கிக்கொண்டு நெகிழ்ந்து கொடுக்கும் குணம் வேட்டிக்கு இருக்கிறது, அந்தச் சட்டைக்கு இல்லை.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அம்மாவைப் பார்த்து, "சரி விடு. அடுத்த சட்டை சாதாவே எடுத்துக்கலாம்" என்றார்.

"எடுங்க. இஸ்திரியும் நீங்களே போட்டுக்குங்க" என்றார் அம்மா.

தாத்தா மட்டும் திண்ணையிலிருந்து, "கஞ்சி போட்டா எல்லாம் நிக்கும்" என்றார்.

நீங்களும் செய்து பாருங்கள்

1. ஒரு துளி பேனா மையை டிஷ்யூ தாளிலும், நோட்டுத் தாளிலும் விடுங்கள். டிஷ்யூவில் பரவும். நோட்டில் அவ்வளவு பரவாது. தாளும் செல்லுலோஸ் இழைதான். எழுதும் தாளில் மை ஓடாமல் இருக்க மேற்பூச்சும் மருந்தும் சேர்த்திருப்பார்கள்.

2. ஆய்வகத்தில் ஆசிரியர் அனுமதியோடு நோட்டுத் தாளில் ஒரு துளி அயோடின் கரைசல் விடுங்கள். நீலக் கறுப்பு நிறம் வந்தால் அங்கே ஸ்டார்ச் இருக்கிறது. தாத்தா பாவுக்குப் போட்ட கஞ்சி உங்கள் நோட்டிலும்!

எச்சரிக்கை: காஸ்டிக் சோடா தோலையும் கண்ணையும் பொசுக்கும். மெர்சர் செய்ததை யாரும் வீட்டில் செய்து பார்க்க வேண்டாம்.

சிந்திக்க

1. ஈரமானால் பருத்தி இழையின் பலம் கூடும், ஆனால் மரக்கூழைக் கரைத்துச் செய்யும் விஸ்கோஸ் இழையின் பலம் குறையும். இரண்டும் செல்லுலோஸ்தான். ஏன் இந்த வித்தியாசம்? (துப்பு: சங்கிலியின் நீளம், படிகத்தின் அளவு.)

2. வாழை நார், தென்னை நார் போன்றவற்றைப் பிளாஸ்டிக்கோடு சேர்த்துப் பலகை செய்கிறார்கள். நார் தண்ணீரை விரும்பும், பிளாஸ்டிக் வெறுக்கும். இரண்டையும் ஒட்டவைக்க எந்த முறையைப் பயன்படுத்துவீர்கள்? பாலமா, ஒட்டா, இரண்டுமா?

விடை தெரிந்தவர்கள் ஒரு தாளில் எழுதி, சுவர் இதழுக்குக் கீழே இருக்கும் பெட்டியில் போடவும். நல்ல விடைகளை அடுத்த இதழில் ஒட்டுவோம்.

இந்தத் தாளும் செல்லுலோஸ்தான். தயவுசெய்து ஓரத்தைக் கிழிக்காதீர்கள்!



– பதினொன்றாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி